கணினிக் கடையில் ‘ஃபார்மட்’ என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

என் அக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன். கோலாலம்பூரில் மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா செந்தூலில் இருக்கிறார். அப்பாவின் படங்கள் முழுக்க அவருடைய மடிக்கணினியில்தான் இருந்தன. ஒருநாள் படத்தைத் தட்டினால், வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேட் ஆப் திறந்து, பக்கம் பக்கமாகக் கிறுக்கல் வந்திருக்கிறது. எந்தப் படத்தைத் தட்டினாலும் அதே கதை. எல்லா ஐகானும் நோட்பேட் தாளாக மாறியிருந்தது. பயந்துபோய்த் திரையைக் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். எனக்குப் பினாங்கில் இரவு வேலை, தம்பியை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

கடைக்காரர் இரண்டு படத்தைத் தட்டிப் பார்த்தார். ‘டைப்’ என்ற வரிசையைக் காட்டி, “அக்கா, பாருங்க, இமேஜ்னு வரல, வெறும் ஜேபிஜி ஃபைல்னுதான் வருது. உள்ள படமே இல்ல. வைரஸ் சாப்பிட்டுடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்” என்றாராம். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிப்பது. 450 வெள்ளி (ரிங்கிட்). படங்களை வேறு இடத்தில் எடுத்து வைக்க முடியுமா என்று அக்கா கேட்டதற்கு, கெட்டுப்போனதை எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று பதில். மறுநாள் மடிக்கணினி சுத்தமாக, காலியாகத் திரும்பி வந்தது.

ஒரு வாரம் கழித்து, திரையை எடுத்து அக்கா அனுப்பிய அந்த இரண்டு கைப்பேசிப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. முதல் படத்தில் கோப்புகளின் அளவு அப்படியே இருந்தது, ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி. இரண்டாவது, நோட்பேட் கிறுக்கல். அதன் முதல் வரியிலேயே ‘எக்ஸிஃப்’ என்ற நான்கு ஆங்கில எழுத்து, கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் குறிப்பின் அடையாளம். கொஞ்சம் தள்ளி கேமராவின் பெயர். அதற்குப் பக்கத்தில் 2017:02:09 என்று தேதி. அது அந்த வருடத் தைப்பூசம். அப்பா பத்துமலைப் படியேறிய கடைசித் தைப்பூசம். படம் உள்ளே முழுசாக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு கோப்பு என்ன வகை என்பதை விண்டோஸ் அதன் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை வைத்துத்தான் முடிவு செய்கிறது, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த எழுத்துக்கு எந்த ஆப், எந்த ஐகான், ‘டைப்’ வரிசையில் என்ன பெயர் என்பதெல்லாம் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் வெறும் குறிப்பு. ஆப் மாறினால் பெயரும் மாறலாம். ‘ஜேபெக் இமேஜ்’ என்றாலும் ‘ஜேபிஜி ஃபைல்’ என்றாலும் அதே படம்தான். அக்கா மகனிடம் கேட்டேன். எதில் திறப்பது என்று கேட்ட பெட்டியில் நோட்பேடைத் தேர்ந்தெடுத்து ‘ஆல்வேஸ்’ அழுத்தியது அவன்தான். சின்னப் பையன், அவனை யாரும் திட்டவில்லை.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். படத்தின் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’. ‘ஓபன்ஸ் வித்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’. அங்கே ‘ஃபோட்டோஸ்’ஸைத் தேர்ந்தெடுத்தால் எல்லா ஜேபிஜியும் பழையபடி திறக்கும். பிடிஎஃப் கோப்புக்கு இப்படி ஆனாலும் இதே வழிதான். சந்தேகம் இருந்தால் நோட்பேடிலேயே முதல் வரியைப் பாருங்கள். நல்ல பிடிஎஃப் விழுக்காட்டுக் குறியும் ‘பிடிஎஃப்’ என்ற எழுத்தும் கொண்டு தொடங்கும், வேர்டின் டாக்எக்ஸ் ‘பிகே’ என்று தொடங்கும். பணம் கேட்டுக் கோப்பைப் பூட்டும் நிஜமான வைரஸ் என்றால் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் இருக்காது. கோப்புப் பெயரின் கடைசியில் புதிதாக ஏதாவது ஒட்டியிருக்கும், பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடக்கும்.

அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் போனதா, தெரிந்தே சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் பிரதி எடுக்காமல் ஒருவருடைய படங்களை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதில் எனக்கு அடங்காத கோபம். மீட்டெடுக்கும் மென்பொருள் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க். ஃபார்மட் செய்ததும் ‘ட்ரிம்’ என்ற வசதி பழைய தரவைத் துடைக்கச் சொல்லிவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கலாம்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். திறக்காத கோப்பையும் சேர்த்துத்தான். ரசீதில் என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று எழுதி வாங்குங்கள். அக்காவின் ரசீதில் ‘வைரஸ், ஃபார்மட்’ என்று இரண்டே சொல். ஆனாலும் அதுதான் இப்போது கைகொடுக்கிறது.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. 450 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு அக்கா பெயரில் மனு போட்டிருக்கிறோம். ரசீதோடு அந்த இரண்டு கைப்பேசிப் படங்களையும் அச்செடுத்து இணைத்திருக்கிறேன், தேதி இருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு.