எபேசு போகிறீர்களா? 'இலவச' வண்டியில் ஏறாதீர்கள்

போன ஜூலையில் துருக்கியின் எபேசு இடிபாடுகளைப் பார்க்கப் போய் ஒரே நாளில் இரண்டு முறை ஏமாந்தோம். சொல்ல வெட்கம்தான்.

அங்கே மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு உண்டு. மேலே நுழைந்து சரிவில் இறங்கி வருவதுதான் சுகம். பக்கத்திலுள்ள செல்ச்சுக் ஊரிலிருந்து ஏறிய டோல்முஷ் என்கிற ஷேர் வேன் எங்களைக் கீழ்வாசல் பக்கம் இறக்கிவிட்டது. உடனே ஒருவர் வந்து, மேல்வாசலில் விடுகிறேன், காசே வேண்டாம் என்றார். வண்டி போய் நின்றது ஒரு தோல் சட்டைக் கடையில்! ஆப்பிள் டீ வந்தது, அப்புறம் சட்டைகள் வந்துகொண்டே இருந்தன. எதுவும் வேண்டாம் என்றதும் ஓட்டுநரைக் காணவில்லை. ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் 20 யூரோ கொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

உச்சி வெயிலில் பளிங்குத் தெருவில் நடந்தோம். நிழலே கிடையாது. ரோமர் காலத்துச் செல்சஸ் நூலகத்தின் முகப்பை நிமிர்ந்து பார்க்கக்கூடக் கண் கூசியது.

வெளியே கடை வரிசை. 'அசல் போலிக் கடிகாரங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. அந்தக் கடைக்காரராவது உண்மையைச் சொன்னார். எங்களிடம் வந்தவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காசை எடுத்தார். ஒரு பக்கம் தேனீ, மறு பக்கம் மான், பனை போன்ற மரம். எபேசுவின் பழைய வெள்ளிக் காசு அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன், அதுவே வினையானது. வயலை உழும்போது கிடைத்ததாம். 60 யூரோ சொல்லி 30க்குக் கொடுத்தார்.

அறைக்கு வந்து நகத்தால் சுரண்டினேன். கறுப்பு பெயர்ந்து வந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, வார்ப்பில் ஊற்றிய தடம். அந்தக் காலத்துக் காசு சுத்தியலால் அடித்துப் பதித்தது, அதில் இந்தக் கோடு வராது. சரி, அசலாகவே இருந்திருந்தால்? அது இன்னும் ஆபத்து. துருக்கியிலிருந்து தொல்பொருளை வெளியே எடுத்துப்போவது சிறைக்குப் போகிற குற்றம்.

தியானாள் என்ற தேவதையின் கோயில் உருவங்களை வெள்ளியில் செய்து விற்ற தெமேத்திரியு, கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுலால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்று கலகம் மூட்டியது இதே ஊரில்தான்! வேதாகமத்தில் அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது.

போகிறவர்கள் செல்ச்சுக்கிலேயே டாக்சி பிடித்து, 'மேல்வாசல்' என்று சொல்லி, ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். சரிவில் கூரை போட்டுப் பாதுகாக்கும் பழைய பணக்கார வீடுகளுக்குத் தனி டிக்கெட். சுவரோவியம், மொசைக் தரை எல்லாம் அங்கேதான். எங்களுக்கு அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.