மாம்பழக் குளிர் கேக்குக்கு ஏற்ற கிரீம்

மகள் பிறந்தநாளுக்கு மாம்பழக் குளிர் கேக் செய்ய, 35 சதவீதக் கொழுப்புள்ள பால் விப்பிங் கிரீம் வாங்கினேன். போன முறை 25 சதவீதக் கிரீமை அரை மணி நேரம் அடித்தும் கெட்டியாகவே இல்லை; கொழுப்பு 30 சதவீதமாவது இருந்தால்தான் காற்றைப் பிடித்து நிற்கும். இது நான்கே நிமிடத்தில் நின்றது. மதுரை வெயிலுக்குக் கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் முதலில் ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்துவிடுங்கள்.

மாரி பிஸ்கட், கிரீம், பங்கனப்பள்ளித் துண்டுகள் என மூன்று அடுக்கு. அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் பிஸ்கட் ஊறி, கேக் போலவே மெத்தென்று வெட்ட வந்தது. வாயில் நல்ல பால் மணம். தாவர எண்ணெய்க் கிரீம்போல நாக்கில் பிசுக்கு படியவில்லை. விலை அதிகம்தான், ஆனாலும் அடுத்த முறையும் இதையேதான் வாங்குவேன்.