திருட்டுப்போன செல்லுக்கு சி.இ.ஐ.ஆர். தளம்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் போடும் மதிப்பெண்

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செல்லைப் பறிகொடுத்தவர்கள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனைப் பூட்டச் சொல்லிப் பதிவு செய்கிற சி.இ.ஐ.ஆர். படிவத்தை அவர்களுக்கு நிரப்பித் தருவது எனக்குத் தினசரி வேலை.

2023 மே மாதம் நாடு முழுக்க வந்த இலவசச் சேவை இது. ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தந்த சி.எஸ்.ஆர். ரசீது (எஃப்.ஐ.ஆர். அல்ல), அடையாள அட்டை, போன் வாங்கிய பில், போனை அடையாளம் காட்டுகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் கையில் இருந்தால் சட்டென்று முடிந்துவிடும். இரண்டு சிம் போடுகிற போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இரண்டு. அட்டைப்பெட்டி ஓரத்து ஸ்டிக்கரில் இரண்டும் இருக்கும். பலர் மேலே இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஓ.டி.பி. இன்னொரு தொல்லை. டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. 

பூட்டுகிற வேலையைத் தளம் ஒழுங்காகச் செய்கிறது. பிளாக் ஆன போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் எடுக்காது. வைஃபையில் ஓடும், அதைத் தடுக்க முடியாது.

"எங்க இருக்குன்னு காட்டாதா அண்ணே?" என்று கேட்காத ஆளே கிடையாது. காட்டாது. அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் தகவல் போலீசுக்குப் போகும். சிம் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தெரு என்பதெல்லாம் நமக்கு வராது. திட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்னவோ இது சரிதான் என்று படுகிறது. அந்தப் போனைச் செகண்ட்ஹேண்டில் விவரம் தெரியாமல் வாங்கியவனும் இருப்பான். அவன் விலாசம் என் பிரிண்டரில் வந்தால் அன்றைக்கே நாலு பேர் அவன் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பைத் திறந்தபடியே உள்ளே வந்தான். தொலைந்த போன் இருக்கிற இடம் என்று மேப்பில் நீலப் புள்ளி ஒரு அபார்ட்மென்ட் மேல் நிற்கிறது. "போலீஸ் வர மாட்டேங்குறாங்க." புள்ளியைச் சுற்றியிருந்த வட்டத்தைப் பார்த்தேன், மூன்று பிளாக் அதற்குள் அடங்கிவிட்டது. வாரன்ட் இல்லாமல் சோதனை போட வேண்டுமானால் எந்த இடம், ஏன் என்று அதிகாரி எழுதி வைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவு அது. எந்தக் கதவு என்று அந்தப் புள்ளி சொல்லாது.

போன் எந்த டவரில் இருக்கிறது என்று கம்பெனியிடம் கேட்டு 'டவர் பார்க்கிற' கதையும் இப்படித்தான். கால் விவரங்களை எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் கம்பெனியிடம் கேட்க முடியும், மாநகரத்தில் என்றால் துணை கமிஷனர். போனில் பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். 2025 ஜூலையில் ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவையே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்பது மட்டும் போதாதாம். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இருக்க வேண்டும் என்றது. லஞ்சத்துக்கே அப்படி என்றால் நம் பதினைந்தாயிரம் ரூபாய் போன் எந்த மூலைக்கு?

அதனால் ஸ்டேஷனில் "டவர் பாருங்க சார்" என்று மல்லுக்கட்டாதீர்கள். புகாரில் இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்ற புகாரை வைத்து மேலதிகாரியிடம் கால் விவரம் கேட்டுப் போக எந்த எஸ்.ஐ.க்கும் மனசு வராது. போனின் மதிப்பைக் காட்ட வேண்டியிருக்கும், பில்லையும் தூக்கிப்போடாதீர்கள், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்குப் புதுச் சட்டத்தில் வேறு கணக்கு.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று, படிவம் நிரப்ப என்னைப் போல ஒருத்தன் தேவைப்படுகிறானே, அதற்கு. அப்புறம், போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் அன்பிளாக் செய்ய வேண்டும். அதற்கு, படிவம் போட்டபோது தந்த ரிக்வெஸ்ட் ஐடி கேட்கும். அதைத் தொலைத்துவிட்டு, போன் ரிப்பேர் என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள்.