குறைந்த கட்டணத்தில் ஊட்டச்சத்துப் பட்டமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

உணவு, ஊட்டச்சத்துத் துறையில் பட்டம் வாங்க வேண்டும், செலவும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்த ஆன்லைன் கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வித்தையைக் காட்டும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

மற்ற இடங்களில் கேட்பதில் பாதிதான் கட்டணம். விளம்பரத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சேர்க்கை ஆலோசகரோ, "முடித்த கையோடு டயட்டீஷியனாக வேலைக்குப் போகலாம்" என்று அடித்துச் சொன்னார். அங்கீகாரம் என்னவோ உண்மைதான். ஆனால் அது கல்லூரிக்கு மட்டும், அந்தப் படிப்புக்கு இல்லை. இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

இந்தத் துறையில் அந்த வித்தியாசம்தான் எல்லாம். அமெரிக்காவில் டயட்டீஷியன் பதிவுத் தேர்வுக்கு, ஏசெண்ட் என்ற அமைப்பு அந்தப் படிப்பையே தனியாக அங்கீகரித்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் முதுகலைப் பட்டமும் கட்டாயம். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பில் பதிவு செய்யாமல் டயட்டீஷியன் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். இந்தியாவில் யுஜிசி 2025 ஜூலை பருவத்திலிருந்து இந்தப் படிப்பைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தவே தடை போட்டுவிட்டது. இருந்தும் 'வீட்டிலிருந்தே டயட்டீஷியன்' விளம்பரங்களுக்குக் குறைச்சல் இல்லை.

சரி, கட்டணம் எப்படிக் குறைந்தது என்கிறீர்களா? செலவு பிடிக்கும் பகுதியை அப்படியே கழற்றிவிட்டிருந்தார்கள். ஆய்வகம் கிடையாது. உணவு வேதியியலுக்கு வீடியோ பார்த்து, ஏற்கெனவே அச்சிட்ட அளவுகளை அட்டவணையில் நிரப்பி அனுப்பினால் செய்முறை முடிந்தது. புரதத்தை அளக்கும் கெல்டால் முறையில் ஒரு குடுவையைக்கூட நான் தொட்டதில்லை. மதிப்பெண் மட்டும் முழுதாக வந்தது!

அதைவிட மோசம் மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தை எவ்வளவு குறைப்பது, குழாய் வழி உணவை எந்த வேகத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். அமெரிக்காவில் இதற்குக் குறைந்தது 1000 மணி நேரம். என் கல்லூரி ஒரு மருத்துவமனைப் பட்டியலை அனுப்பிவிட்டு, "நீங்களே பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்றது. கூப்பிட்டுப் பார்த்தேன். எங்களோடு ஒப்பந்தம் உள்ள கல்லூரி மாணவர்களை மட்டும்தான் எடுப்போம் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். பட்டியலில் இருந்த ஓரிடத்தில் உணவியல் பிரிவே இல்லை.

அப்புறம் வேறு கல்லூரிக்கு மாறப் பார்த்தேன். மொழிப்பாடத்தையும் புள்ளியியலையும் ஏற்றுக்கொண்டார்கள். வேதியியல், உயிர்வேதியியல், உணவு நுண்ணுயிரியல் மூன்றையும் ஆய்வக நேரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். திரும்பப் பணம் கட்டிப் படிக்க வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் அதிலேயே போயிற்று.

விலை குறைந்த படிப்பெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. அரசுக் கல்லூரிகளில் நல்ல ஆய்வகத்தோடு மலிவாகவே படிக்கலாம். உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு, பொதுநலத் திட்டங்கள் என்று போகிறவர்களுக்கு டயட்டீஷியன் பதிவு தேவைப்படாமலும் போகலாம். ஆனால் கல்லூரி சொல்வதை நம்பாமல், நீங்கள் வேலை பார்க்கப் போகும் நாட்டின் பதிவு அமைப்பு வெளியிட்டுள்ள பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். பயிற்சிக்கு எந்தெந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது, முடித்தவர்களில் எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் பேசலாம் என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். எனக்குச் சொன்ன வாக்குறுதியெல்லாம் ஃபோனில்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அப்படி நாங்கள் எழுத்தில் எங்கும் தரவில்லையே" என்றார்கள்.