பத்து நிமிடம் ஓடி நிற்கும் கார்

மூன்று வார லீவில் ஊருக்கு வந்தேன். அதில் பாதி சித்தப்பாவின் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோடே போய்விட்டது. 1967-ம் வருட வண்டி, 1798 சிசி, காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் இரண்டு, எஸ்யு கம்பெனியுடையவை. காலையில் சோக்கை இழுத்தால் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். வாசலில் நிறுத்தி ஐடிலில் விட்டால் பிரச்சினையே இல்லை. ரோட்டில் ஏற்றிக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால்தான் வம்பு. பத்தாவது நிமிடம் இழுவை குறையும், இரண்டு முறை இருமும், நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

முதலில் போன பட்டறையில் பானெட்டைத் திறக்கும் முன்னரே தீர்ப்பு வந்துவிட்டது: "கார்ப்பரேட்டர் போயிடுச்சு சார்." மூன்று நாளில் இரண்டு முறை கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது முறை, இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியின் கார்ப்பரேட்டர் ஒன்றை மாட்டிவிடலாம் என்றார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், வேலையும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி எப்போது நிற்கிறது என்று நான் மூன்று முறை சொல்லியும், பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் வர ஒருவருக்கும் மனசில்லை. போதாக்குறைக்குப் புதுக் கோளாறு ஒன்றும் சேர்ந்தது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் இன்ஜின் ஒரு நொடி தயங்கியது. கார்ப்பரேட்டரின் தலையில் டாஷ்பாட் என்று ஒரு சின்ன எண்ணெய்க் குழாய் உண்டு, அதில் எண்ணெய் விட மறந்திருந்தார்கள்.

எஸ்யுவின் சூட்சுமமே அந்த டாஷ்பாட்டில்தான் இருக்கிறது. இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் ஊசி, ஜெட் என்ற சிறு துளை வழியாக எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று தீர்மானிக்கும். பிஸ்டன் எகிறிவிடாமல் பிடித்து வைப்பது அந்தக் கொஞ்ச எண்ணெய். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பம். முதலில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் வைத்தார்களாம். தொழில் புத்தி எங்கே போகும்!

அப்புறம் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பானெட் பக்கமே போகவில்லை. "நிக்கிற வரைக்கும் ஓட்டுங்கண்ணே" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். நின்றது. சாவியை ஆனிலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்து காது கொடுத்தார். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்ப்பரேட்டருக்கு அனுப்பும் மின் பம்ப் அங்கேதான் இருக்கிறது. கார்ப்பரேட்டர் காலியாக இருந்தால் அது டிக் டிக் என்று அடிக்க வேண்டும், நிரம்பினால் நின்றுவிட வேண்டும். அப்போது சத்தமே இல்லை. நிரம்பிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. அடுத்த நொடி பம்ப் டிக்டிக்டிக் என்று விடாமல் அடித்து, மெதுவாகி, அடங்கியது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"மூடி யார் மாத்துனது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். போன முறை வந்தபோது நான்தான் ஆசை ஆசையாக வாங்கி வந்தேன். பளபளவென்று குரோம், பூட்டு வசதி வேறு. அந்த 1967 மாடலுக்கு மூடி வழியாகத்தான் டேங்க் மூச்சு விட வேண்டும். என் மூடியில் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. ஐடிலில் பெட்ரோல் அதிகம் செலவாகாததால் வாசலில் தெரியவில்லை.

அத்தோடு முடியவில்லை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். பின் இரண்டும் நல்ல காப்பிக்கொட்டை நிறம், முன் இரண்டும் கரி பிடித்து ஈரமாக. "முன் கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் நிக்காம வழியுது" என்றார். பெட்ரோல் வந்து தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் மிளகுப் பொடி போலக் கறுப்புத் துகள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டியூபை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கிறது. அதில் ஒரு துகள், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வில் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருக்கிறது. முதல் பட்டறை இதே துகளை இரண்டு முறை கழுவி எடுத்திருக்க வேண்டும், டியூபைத்தான் விட்டுவிட்டார்கள். இவர் டியூபை மாற்றினார், வால்வைத் துடைத்தார், டாஷ்பாட்டில் எண்ணெய் விட்டார். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். டக் என்று விழுந்தது. சரி என்று தலையாட்டினார்.

பழைய மூடியை மாட்டி அன்று மாலை ஒரு மணி நேரம் ஓட்டினோம். இருமல்கூட இல்லை. கிளம்பும்போது சித்தப்பா குரோம் மூடியைத் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்தார். "அடுத்த தடவை இதுக்குப் பதிலா எத்தனால் தாங்குற டியூப் ஒரு பத்தடி வாங்கிட்டு வாடா" என்றார்.