காரின் நிறம் மாற்ற: உரிக்கும் ரப்பர் பூச்சா, வினைல் ராப்பா?

பழைய பெயின்ட்டைத் தொடாமல் காருக்குப் புது நிறம் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்ப்ரே அடித்து, வேண்டாதபோது உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு. பிளாஸ்டி டிப் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று வினைல் ராப், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்.

ரப்பர் பூச்சில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மெல்லிசாக அடித்தால், உரிக்கும்போது முழுத் தோலாக வராமல் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து உயிரை வாங்கும். ஐந்தாறு கோட்டாவது வேண்டும். பூச்சு படக்கூடாத இடங்களை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை, கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரமும் சேர்ந்து கிழியும். அப்புறம் பெட்ரோல். டேங்க் மூடிப் பக்கம் சிந்தினால் பூச்சு இளகிவிடும், உடனே துடைக்க வேண்டும்.

வினைல் பெட்ரோலுக்கு இவ்வளவு பயப்படாது. பளபளப்பும் நன்றாக வரும், கூடுதல் வருடம் உழைக்கும். ஆனால் பம்பர் வளைவில் சூடு காட்டி இழுத்து ஒட்டுவது பழகிய கைக்குத்தான் வரும்.

வீலுக்கும் கிரில்லுக்கும் யோசிக்கவே வேண்டாம், ரப்பர் பூச்சுதான்; அந்த இடுக்கில் ஷீட் ஒட்டுவது பெரும்பாடு. முழுக் காருக்கு, அதுவும் தினமும் வெயிலில் நிற்கிற வண்டி என்றால், வினைலைத்தான் சொல்வேன். ஏற்கெனவே பெயின்ட் பெயர்ந்து வரும் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம். கழற்றும்போது பெயின்ட்டும் கூடவே வந்துவிடும்.