உமிக்கரிப் பை: குசினித் தண்ணிக்குச் சரி, கிணத்துக்குச் சரிவராது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட விதையும் பசளையும் விற்கிற ஒரு கடையில் இந்த உமிக்கரியை வாங்கினேன். ஐந்து கிலோ பை, 950 ரூபா. கழிவுத் தண்ணியைச் சுத்தமாக்கும் என்று பையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் குசினித் தண்ணியும் உடுப்புத் தோய்க்கிற தண்ணியும் வாழைக்குத்தான் போகும். அங்கிருந்து கிணறு முப்பது அடிகூட இல்லை. யாழ்ப்பாணத்தில் காலுக்குக் கீழே முழுக்க வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்தானே, மேலே ஊற்றுவது கிணத்துக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது என்ற பயத்தில்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

பழைய பெயின்ட் வாளியின் அடியில் துளை போட்டு, சல்லிக்கல், அதற்கு மேல் மணல், அதற்கும் மேல் இரண்டு கிலோ கரி. முதலில் கரியை நன்றாகக் கழுவுங்கள். எனக்கு மூன்று வாளி தண்ணி மை மாதிரிக் கறுப்பாக ஓடியது, கையெல்லாம் வழுக்கியது. சாம்பலில் இருக்கிற காரம் அது.

பிறகு மீன் தொட்டிக்கு விடுகிற மெதிலீன் நீலத்தில் சில துளியை ஒரு வாளி தண்ணியில் கலந்து மெல்ல மெல்ல ஊற்றினேன். கீழே வந்ததில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. சரி, சாமான் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்க, மகன் சர்பத்துக்குப் போடுகிற சிவப்புக் கலரைக் கொண்டுவந்து ஊற்றினான். அது ஏறக்குறைய அதே சிவப்பாகவே கீழே வந்தது! காரணம் இருக்கிறது. மெதிலீன் நீலம் நேரேற்றம் (பிளஸ் மின்னேற்றம்) உள்ள சாயம், கரியின் மேற்பரப்பில் பெரும்பாலும் மறையேற்றம் (மைனஸ்), அதனால் இழுத்துப் பிடிக்கிறது. சாப்பாட்டுச் சிவப்பும் மறையேற்றம், அதனால் தள்ளிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் கடைக்காரரோடு எனக்குக் கோபம். "கிணத்துத் தண்ணிக்கும் போடலாம் அண்ணை" என்று சொல்லித்தான் தந்தார். எங்கள் தோட்டக் கிணறுகளில் பெரிய பிரச்சினை யூரியாவிலும் மலக்குழியிலும் இருந்து வருகிற நைத்திரேற்று என்ற, தண்ணியில் கரைந்து நிற்கிற உப்பு. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றும் மறையேற்றம்தான், அதனால் சும்மா சுட்ட உமிக்கரி அதைப் பெரிதாகப் பிடிக்காது. குடிக்கிற தண்ணிக்கு இதை நம்ப வேண்டாம்.

குசினித் தண்ணியில் வித்தியாசம் தெரிந்தது. ஊத்தை மணம் போய்விட்டது, சவர்க்கார நுரை குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. ஐந்தாவது கிழமை வாளி அடைத்துக்கொண்டது. பொரியல் சட்டி கழுவின எண்ணெய் கரியின் மேல் பிசின் மாதிரிப் படிந்திருந்தது. இப்போது முன்னுக்கு இன்னொரு வாளி வைத்து எண்ணெயை மிதக்கவிட்டு, அடித் தண்ணியைத்தான் கரிக்கு விடுகிறேன். ஏழாவது கிழமை நீலத்தை ஊற்றிப் பார்த்தால் நீலமாகவே வந்தது, அதாவது கரி நிரம்பிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். எடுத்த கரியைக் கீரைப் பாத்தியில் போட மனம் வரவில்லை, குரோட்டன் வேலியடியில் தாட்டுவிட்டேன்.

எத்தனை பாகையில் சுட்டது என்று பையில் ஒரு வரியும் இல்லை. காற்றை மட்டுப்படுத்தி 600 பாகை அளவில் சுட்டால் நுண்துளைகள் நன்றாகத் திறக்கும், 300 பாகையோடு நிறுத்தினால் பாதி உமி உமியாகவே கிடக்கும். என் பையின் அடியில் பழுப்பு நிற உமி ஒரு பிடி இருந்தது. தண்ணியில் போட்டதும் மிதந்து தேத்தண்ணிச் சாயம் விட்டது, அழுக்கை எடுக்க வந்த சாமானே அழுக்கு விடுகிறது!

ஐந்துக்கு மூன்று தரலாம். அடுத்த பையை வாங்க முன்னம் கடையிலேயே வாயைப் பிரித்து, அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். பழுப்பு தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வருவேன்.